ஹட் பே ஆமைகளும் அறிவியல் எழுத்தாளரின் உரையும்

சிறிய அந்தமானின் கிழக்குக் கரையில் உள்ளது ஹட் பே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூரைச் சிதைத்தது. தீவில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் மணற்கரைகளையும் அரித்துச் சென்றது. நாளடைவில் மணல் மீண்டும் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. 2008இல் முறையான கணக்கெடுப்பு தொடங்கியது. பின்னர்ச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளுள் சில மேற்கு ஆஸ்திரேலியாவை நோக்கியும், சில மொசாம்பிக்கை நோக்கியும் சென்றமை தெரியவந்தது.

இவ்வாய்வில் பங்குகொண்ட இந்திய அறிவியல் கழகச் சூழலியலாளர் கார்த்திக் சங்கர், எழுத்தாளரும் ஆவார். 1988இல் சென்னையில் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைப்பது அவ்வமைப்பினரின் பணி. இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாறாக அவர் எழுதிய நூல் 2015இல் வெளிவந்தது. சிறுவர்க்குத் தவளைக் கதையும் எழுதியுள்ளார்.

இத்தகையோர் அவையில் பேசும்போது, புள்ளிவிவரம் எவ்வாறு திரட்டப்பட்டது என்பதையும் கேட்போர் அறிகின்றனர். அறிக்கையில் ஒரு வரியாக நிற்கும் எண்ணுக்குப் பின்னே பல இரவுகளின் நடை உண்டு. ஆயின் கதைக்கு ஓர் இடரும் உண்டு. ஆமையின் தாய்ப்பாசம் பற்றிப் பேசினால் அவை உருகும். உண்மையில் தாய் ஆமை முட்டைகளை மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடும், குஞ்சுகளைக் காண்பதில்லை. நல்ல உரையாளர் இதை மறைப்பதில்லை.

2021இல் இத்தீவுக்கான பெரும் வளர்ச்சி யோசனை விவாதிக்கப்பட்டபோது, இம்முட்டையிடு கரைகளின் கதியும் கேள்விக்குள்ளாயிற்று. அவ்வேளையில் எடுத்துக்காட்ட ஆண்டுவாரியான கணக்கு கையில் இருந்தது.