தென்னைக்குள் கேட்கும் ‘நறநற’ ஓசை

காண்டாமிருக வண்டை உயிருடன் கையில் பிடித்தால் ‘கிரீச், கிரீச்’ என்று ஒலி எழுப்பும். இது வாயிலிருந்து வருவதன்று. வயிற்றின் பின்பகுதியை இறக்கை உறையின் மேல் உரசி வண்டு இவ்வொலியை உண்டாக்குகிறது. பூச்சிகள் இவ்விதம் உடலை உரசி எழுப்பும் கரகரப்பான ஒலிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டிரிடுலேஷன்’ என்று பெயர். இரவில் வரப்பில் கத்தும் சுவர்க்கோழியும் இறக்கைகளை உரசியே ஒலிக்கிறது.

தென்னை வைத்திருப்போர் காது கொடுத்துக் கேட்க வேண்டியது இதைவிட மெல்லிய வேறொரு ஓசையாகும். சிவப்புக் கூன் வண்டின் புழுக்கள் தண்டின் உட்பகுதியைக் கடித்துத் தின்னும்போது எழும் ‘நறநற’ ஓசையே அது.

இவ்வண்டு செம்பழுப்பு நிறமும் நீண்ட மூக்கும் உடையது. பெண் வண்டு மரத்திலுள்ள காயங்களிலும் வெடிப்புகளிலும் முட்டையிடுகிறது. ஒரு வண்டு இருநூறு முட்டைகளுக்கு மேலும் இடும். சில நாட்களில் வெளிவரும் கால்களற்ற வெண்ணிறப் புழுக்கள் ஒன்றிரண்டு மாதங்கள் தண்டைக் குடைந்து தின்கின்றன. பிறகு நாரினால் கூடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகின்றன. இவை அனைத்தும் மரத்துக்குள்ளேயே நடப்பதால் வெளியில் மரம் பச்சையாகவே நிற்கும். நடுக்குருத்து வாடிய பிறகு கவனித்தால் பெரும்பாலும் மரத்தைக் காப்பாற்ற இயலாது. 5 முதல் 20 வயது வரையுள்ள மரங்களே அதிகம் தாக்கப்படுகின்றன. பலன் தரத் தொடங்கிய மரத்தை இழப்பது சிறு விவசாயிக்குப் பல ஆண்டு உழைப்பை இழப்பதாகும்.

காற்றடிக்கும் நேரத்தில் மட்டைகளின் சலசலப்பில் இவ்வோசை கேட்காது. காற்று அடங்கிய அதிகாலையே ஏற்ற நேரம். பம்புசெட்டையும் நிறுத்திவிட வேண்டும். தண்டில் காதை அழுத்தி வைத்து இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். புழுக்கள் இடைவிடாமல் தின்பதில்லை. மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இவ்வாறு கேட்பது நல்லது. கொண்டைப் பகுதியில் புழு இருந்தால் கீழே நிற்பவருக்கு ஓசை எட்டாது. ஆகையால் தேங்காய் பறிக்க ஏறுபவரிடம் சொல்லி அங்கும் கேட்கச் செய்யலாம். டாக்டர்களின் ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அரபு நாடுகளில் பேரீச்சை மரங்களையும் இதே வண்டு தாக்குவதால், ஓசையை வைத்துப் புழுவைக் கண்டறியும் கருவிகளை விஞ்ஞானிகள் அங்கு சோதித்துள்ளனர். ஐம்பது மரம் வைத்திருப்பவருக்குக் காதே போதும்.

ஓசை கேட்டால் அம்மரத்தில் துவாரங்கள் உள்ளனவா, அவற்றில் பழுப்பு நிறச் சாறு வடிகிறதா, மென்று தள்ளிய நார்த்துகள் உள்ளதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிறகு மரத்திலுள்ள காய்களையும் இளநீரையும் பறித்துவிட வேண்டும். கீழ்த் துவாரங்களைக் களிமண்ணால் அடைத்து, மேல் துவாரத்தின் வழியே புனல் கொண்டு இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி வீதம் கலந்து ஊற்றி, அத்துவாரத்தையும் அடைக்க வேண்டும். சில நாட்கள் கழித்து மீண்டும் காது வைத்துக் கேட்டால் மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். முன்பு வேர் மூலம் செலுத்தப்பட்ட மோனோகுரோட்டோபாஸை இப்போது பயன்படுத்தக் கூடாது.

முதலில் சொன்ன காண்டாமிருக வண்டுக்கும் இதில் பங்குண்டு. அது குருத்தில் குடையும் ஓட்டைகளே கூன் வண்டு முட்டையிட வசதியான இடங்களாகின்றன. எனவே காண்டாமிருக வண்டைச் சுளுக்கியால் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இட வேண்டும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் 4 அடி விட்டு வெட்டுவது அவசியம். மரமேறுவதற்காகத் தண்டில் படி வெட்டும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்.

பட்டுப்போன மரத்தை விறகுக்காகத் தோப்பிலேயே போட்டு வைப்போர் பலர். அதனுள்ளிருந்து வண்டுகள் வெளிவந்து பக்கத்து மரங்களுக்குச் செல்லும். அத்தகைய மரத்தை உடனே வெட்டிப் பிளந்து, புழுக்களோடும் கூடுகளோடும் எரித்துவிட வேண்டும்.