பெயரில் மட்டும் நானோ

ஒரு மீட்டரை நூறு கோடி கூறு போடுங்கள். ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத இத்தனை சிறிய அளவில் பொருள் செய்வது நானோ தொழில்நுட்பம்.

2006 மார்ச் மாதம். ஜெர்மனியில் 'மேஜிக் நானோ' என்ற ஸ்பிரே விற்பனைக்கு வந்தது. குளியலறைக் கண்ணாடி, டைல்ஸ் மீது அடிப்பது. அடித்தவர்களுக்கு இருமல், மூச்சுத் திணறல். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள்.

நானோதான் காரணமோ என்று செய்தித்தாள்கள் பரபரப்பாக எழுதின. பெயரே அப்படி இருக்கிறதே!

அரசு ஆய்வு நிறுவனம் விசாரித்தது. மே மாதம் முடிவு வந்தது. டப்பாவுக்குள் நானோ துகளே இல்லை! டைல்ஸ் மேல் படியும் மெல்லிய படலத்தை வைத்துச் சூட்டிய பெயராம் அது.

முன்பு கையால் அழுத்தும் பாட்டிலில் விற்றபோது இந்தத் தொல்லை இல்லை. வாயு அடைத்த டப்பாவில் வந்த பிறகே வந்தது.