பயண வண்டிக்கு இரண்டாம் மின்கலவடுக்கு

மேனாடுகளில் வாழும் எம் பழைய மாணவருட் சிலர், விடுமுறைக் காலத்திற் படுக்கையும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் அமைந்த காம்பர் வான் என்னும் வண்டிகளிற் பயணஞ் செய்கின்றனர். இவ்வண்டிகளில், இயந்திரத்தைத் தொடக்குதற்குரிய மின்கலவடுக்கோடு, தங்குந் தேவைகளுக்கென வேறொன்றும் வேண்டும். வழக்கிலே பற்றறி எனப்படும் இப்பொருளைத் தெரிவு செய்யும் முறையைச் சிறிது ஆராய்வாம்.

யாம் இதனை நட்டப்பட்டே கற்றோம். ஸ்கொத்லாந்து மலைநாட்டில், ஏரிக்கரையொன்றில் இரண்டு இரவு தங்கினோம். உடன் வந்த தமையனார் நீரிழிவு நோயாளர். அவருடைய இன்சுலின் கையிருப்பு முழுவதும் குளிர்ப்பெட்டியில் இருந்தது. திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். இரண்டாம் இரவு கழிந்து விழித்தபோது பெட்டி ஓசையின்றிக் கிடந்தது. இயந்திரம் வழக்கம்போல் இயங்கிற்று. மருந்துச்சாலை இருந்த பட்டினமோ நெடுந்தொலைவு. பாவனையிலிருந்த ஒரு குப்பி மாத்திரம் அறைவெப்பநிலையிற் கெடாதாகையால் அன்றைய பொழுது தப்பினோம்.

பிழை யாதெனின், எமக்கு விற்கப்பட்டது 100 அம்பியர்-மணி கொண்ட, இயந்திரந் தொடக்கும் வகை மின்கலவடுக்கே. விற்றவர் பெயர் ஈண்டு வேண்டா. கேளாது வாங்கியது எம் தவறுமாகும். இயந்திரத்தைத் தொடக்க 200 அம்பியர் மின்னோட்டம் 3 செக்கன் பாய்கின்றதெனக் கொள்வோம். செலவாவது 600 அம்பியர்-செக்கன், அதாவது ஓர் அம்பியர்-மணியில் ஆறிலொரு பங்கே. பெருமின்னோட்டம் ஒரு நொடியிற் கிடைக்கவேண்டுமாதலின், அதன் தகடுகள் மெல்லியனவாயும் பலவாயும் அமைக்கப்படுகின்றன. அவற்றை நாடோறும் ஆழமாக மின்னிறக்கினால் தகட்டுப் பொருள் உதிரும். மின்னிறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் ஈயசல்பேற்றுப் பளிங்குகள் இறுகிக் கொள்ளளவைக் குறைக்கும். ஒரு கோடையில் எமது மின்கலவடுக்கு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஆழ்ந்த மின்னிறக்கத்துக்கென்றே தடித்த தகடுகளோடு செய்யப்படுவது வேறு வகை.

எவ்வளவு பெரிது வேண்டுமென்பது கணக்கினால் துணியற்பாலது. மாணவர் தாமே செய்து பார்க்க. 45 உவாற்றுக் குளிர்ப்பெட்டி மூன்றிலொரு பங்கு நேரம் இயங்கினால் நாளொன்றுக்கு 360 உவாற்று-மணி. 12 உவோற்றால் வகுக்க 30 அம்பியர்-மணி. விளக்கு, நீர்ப்பம்பி, தொலைபேசி ஆகியவற்றுக்கு 10. ஆக 40, இரண்டு நாளைக்கு 80. ஈயவகையில் பாதியையே பயன்படுத்தல் நன்றாதலால் 160 வாங்குதல் வேண்டும்; அதன் நிறை 40 கிலோகிராமுக்கு மேற்படும். இலிதிய இரும்புப் பொசுபேற்று வகையில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காது எடுக்கலாம். எனவே 100 போதும். நிறை ஏறத்தாழ 12 கிலோகிராம்.

ஈயவகை 1859 இற் பிரான்சியரான பிளாந்தே கண்டது. இலிதிய இரும்புப் பொசுபேற்றை மின்வாயாகப் பயன்படுத்தலாமென்பதை 1997 இல் வெளியிட்டோர் குடினவ் குழுவினர். அப்பெரியார் இலிதிய அயன் மின்கலங்கள் பற்றிய பணிக்காக 2019 இல், 97 ஆம் வயதில், வேறிருவரோடு நோபெற் பரிசு பெற்றார். இவ்வகை ஈயத்தினும் விலை கூடியது. ஆயினும் ஈயம் சில நூறு தடவை மின்னிறங்கி ஏறுமிடத்து, இது 2,000 தடவைக்கு மேல் தாங்கும்.

எனினும் இதற்கும் குறைகளுள. உறைநிலைக்குக் கீழே இதனை மின்னேற்றலாகாது. ஈயவகை ஓய்விலிருக்க 12.7 உவோற்று நிறைவையும், 12.2 ஏறத்தாழப் பாதியையும் காட்டும். இலிதியத்திலோ அழுத்தம் பெரும்பாலும் மாறாது நின்று, இறுதியிலே திடீரென வீழும். ஆதலின் அம்பியர்-மணியை எண்ணும் மானி ஒன்று இன்றியமையாதது. அகத்தடை மிகக் குறைவாகையால், வண்டியின் மின்பிறப்பாக்கியோடு நேரே தொடுத்தால் அளவிறந்த மின்னோட்டத்தை இழுத்து அதனைச் சூடேற்றிக் கெடுக்கவுங் கூடும். இடையே மின்னோட்டத்தை அளவுபடுத்தும் மின்னேற்றி ஒன்று வேண்டும். அதன் விலையையும் கூட்டியே இருவகையையும் ஒப்பிடுதல் முறை.

யாம் இலிதியத்தையே தெரிந்தோம். தமையனார் குளிர்ப்பெட்டிக்குள் வெப்பமானி ஒன்றும் வைத்துள்ளார். கம்பிகளைத் தடித்தனவாயும் குறுகியனவாயும் இட்டு, உருகியை மின்கலவடுக்கின் நேர்முனைக்கு மிக அண்மையிலே பொருத்தினோம். உருகிக்கு முன்னுள்ள கம்பி உராய்ந்து குறுக்குத் தொடுப்பு நேரின், அதனைக் காப்பதற்கு யாதுமில்லை.