இருட்டுறதுக்குள்ள வீடு: கூமாப்பட்டியில் பெண்கள் கால்பந்து கிளப் நடத்த

பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கிளப் தொடங்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பந்து வாங்கக் கடைக்குப் போகிறார்கள். பந்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் வீடுகளுக்குப் போங்கள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். தேசிய அணி, விளையாட்டு ஒதுக்கீடு, போலீஸ் வேலை எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா கடைசி வரை கேட்டார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "டீச்சர், இருட்டுறதுக்குள்ள வந்துருவாளா?" என் பேச்சில் அதைத் தவிர எல்லாம் இருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வார்த்தையாக நேரத்தைத்தான் சொல்கிறேன். "வெயில்ல கருத்துப் போயிருவாளே", "காலை ஒடிச்சுக்கிட்டா யாரு கட்டுவா" என்ற கேள்விகளும் வரும். அவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம். நேரத்தைச் சொல்லி அதில் ஒருநாள் தவறினால் பதிலே கிடையாது.

ஆகவே முதல் வேலை, நேரம் குறிப்பது. கூமாப்பட்டி மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம். பஞ்சாங்கம் சொல்கிற அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மார்கழியில் சீக்கிரமே பந்து மங்கலாகத் தெரியும். பள்ளி விட்டதும் 4.40-க்குத் தொடங்கி, 5.40-க்கு முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். வாரம் நான்கு நாள், கோடை விடுமுறையில் காலை ஆறு மணிக்கு. வத்திராயிருப்பிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு எந்த டவுன் பஸ், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதி வையுங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல வீடுகளில் பிள்ளையை அனுப்பச் சம்மதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பஸ் ஏறும் வரை பெரியவர் ஒருவர் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பஸ் வராத நாளில் யார் கொண்டுபோய் விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது மைதானம். பள்ளி மைதானம் கிடைத்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச் சொல்லில் வாங்கிய அனுமதி, அவர் மாற்றலாகும்போது அவரோடே போய்விடும். கோடையில் வறண்ட கண்மாய்த் தரை நல்ல ஆடுகளம்தான். ஆனால் பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்து, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டால் கண்மாய் பெருகிவிடும். தண்ணீர் நிற்கிற மூன்று மாதத்துக்கு வேறு இடம் கையில் இருக்க வேண்டும். கண்மாய்த் தரையில் இறங்குமுன் எல்லோரும் தோளோடு தோள் நின்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை குனிந்து நடந்து சீமைக்கருவேல முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்குங்கள். தினமும் ஐந்து நிமிடம் ஆகும். தவறவே கூடாது.

கோடு போட ஆள் தேட வேண்டாம். இழுத்தால் நீளாத கயிறு ஒன்று எடுங்கள். ஒரு முனையிலிருந்து 5.5, 9.15, 11, 16.5 மீட்டர் தூரங்களில் நான்கு முடிச்சுப் போடுங்கள். முதல் முடிச்சு கோல் ஏரியாவுக்கு, இரண்டாவது நடுவட்டத்துக்கு, மூன்றாவது பெனால்டி புள்ளிக்கு, நான்காவது பெனால்டி ஏரியாவுக்கு. மைதானத்துக்குள் போடுகிற பெரும்பாலான அளவுகளும் இந்த ஒரு கயிற்றில் அடங்கிவிடும். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற கணக்குத்தான்: ஒரு பக்கம் 6 மீட்டர், மறுபக்கம் 8 மீட்டர், குறுக்கே 10 மீட்டர் வந்தால் மூலை சரி. எங்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றத்தை இப்படித்தான் தரையில் கண்டார்கள். சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரித்துவிடும், கோலமாவே போதும். கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். சவுக்குக் கம்பு நட்டாலும் ஆழக் குழி தோண்டி நடுங்கள். தூக்கி வைக்கிற இரும்பு கோலாக இருந்தால் பின்காலை மணல் மூட்டையால் அழுத்தாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சரிந்து விழும் கோல் குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

பொறுப்பாளர்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரில் நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும். அதில் இருவர் ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்களாக இருக்கட்டும். பெண்கள் கிளப் என்று பெயர் வைத்துவிட்டு மேடையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்தது பிள்ளைகளின் பாதுகாப்பு. இதில் வேல்ஸைப் பார்க்கலாம். அது சின்ன நாடு. அங்கே 1922-ல் பெண்கள் கால்பந்துக்கு நாட்டின் கால்பந்துச் சங்கமே தடை போட்டது. 1970 வரை அது நீங்கவில்லை. அந்த நாட்டின் பெண்கள் அணி 2025-ல் முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது. இன்று அங்கே உள்ளூர்க் கிளப்புகளில்கூடப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று ஒருவரை நியமிக்கிறார்கள். நாமும் அப்படியே ஒருவரை நியமிப்போம். அவர் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. பெண்ணாக இருக்க வேண்டும். அவருடைய எண் ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக வண்டியிலோ அறையிலோ இருக்கக் கூடாது. பயிற்சியாளர் ஆண் என்றால் பெண் ஒருவர் வராமல் பயிற்சி தொடங்கக் கூடாது. பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்க்கிற பேச்சே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியாக வேண்டும்.

செல்போனும் இதில் சேர்ந்ததுதான். 2025-ல் ஒரு ரீல் கூமாப்பட்டியை ஊரறியச் செய்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கையில் போன் இல்லாமல் வருவதில்லை. பிள்ளைகள் ஓடுவதை, குனிவதை யாரோ எடுத்து எங்கேயோ போட்டால் அடுத்த நாள் ஐந்து வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று மைதான வாசலில் பலகை வையுங்கள். எடுப்பவரிடம் நேரே போய் மரியாதையாக அழிக்கச் சொல்லுங்கள்.

காகித வேலையில் என்னைக் கண்கலங்க வைத்தது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் முழுசாக, ஆதாரில் ஒற்றை எழுத்து, பள்ளிச் சான்றில் எழுத்துப்பிழை. இதனால் ஒரு போட்டியில் எங்கள் கோல்கீப்பரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பிழை எங்களுடையதுதான். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கணினிப் பதிவில் ஒருமுறை ஏறிய பெயரைத் திருத்துவது பெரும்பாடு. சேர்க்கும் நாளிலேயே மூன்று சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து உட்பட ஒத்துப்பாருங்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் கிளப்பைச் சேர்ப்பதும் ஆரம்பத்திலேயே நடக்கட்டும். அது இல்லாமல் எந்த லீக்கிலும் நுழைய முடியாது.

பயிற்சியில் முதல் இருபது நிமிடம் உடலைத் தயார் செய்வதற்கு. பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். ஃபிஃபா வகுத்த பதினைந்து பயிற்சிகளை நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து மெதுவாக முழங்கால் மடக்கி இறங்குவது, ஓடி நிற்பது என எல்லாம் செலவில்லாதவை. கிராமத்தில் முட்டி போனால் அந்தப் பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்றே வீட்டில் நினைப்பார்கள். இந்த இருபது நிமிடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மிச்ச நேரத்தில் பந்து. இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால் போதும்; பன்னிரண்டு வயதுக்குக் கீழே நான்காம் அளவு, அதற்கு மேல் ஐந்தாம் அளவு. முதல் ஆண்டு ஏழு பேர் ஆட்டமே ஆடுங்கள், பந்து எல்லோர் காலுக்கும் வரும்.

மாதவிலக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பெண் ஒருவர் கிளப்பில் இருக்க வேண்டும். நாப்கினும் கழிப்பறைச் சாவியும் கேட்காமலே எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். சோர்ந்து சோர்ந்து உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகைக்குப் பரிசோதனை செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் கடலைமிட்டாயோ, அவித்த சுண்டலோ, முட்டையோ கொடுங்கள். காலையில் கஞ்சியோடு பள்ளிக்குப் போன பிள்ளை அது.

காலைக் காட்டி ஆடுவதா என்று தயங்கும் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி: அரைக்கால் சட்டைக்குள் முழு லெகின்ஸ் போட விதியில் இடம் உண்டு, நிறம் அந்த அரைக்கால் சட்டையோடு ஒத்திருந்தால் சரி. தலையை மூடிக்கொண்டும் ஆடலாம். ஷின்கார்டும் ஷூவும் போட்டிக்குக் கட்டாயம்.

போட்டிகளில் முதலமைச்சர் கோப்பை முதல் இலக்காக இருக்கலாம். அதற்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம், மதுரை போதும். அங்கே 2016-ல் சீனி மொகைதீன் தொடங்கிய சேது எஃப்.சி. மூன்றே ஆண்டில், 2019 மே மாதம், லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. கடலூரில் மாரியப்பன் பயிற்சியில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு அணி 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் ஹரியானாவையும் இறுதிப்போட்டியில் 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. இந்தப் பெயர்களையும் ஸ்கோர்களையும் அப்பாக்களிடம் சொல்லுங்கள், நம்புவார்கள்.

பணத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. மாதாமாதம் வரவு செலவை அச்சிட்டு மைதானத்தில் ஒட்டிவிடுங்கள். நன்கொடையாகப் பணம் தரத் தயங்கும் கடைக்காரரிடம் பொருளாகக் கேளுங்கள். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாட்டுக்கே போகிறது. முதலுதவிப் பெட்டிக்கு ஒரு சுருள் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, என் மனதை அதிகம் அறுக்கிற விஷயம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறைத்துக் கொடுங்கள். முழுதாக நிறுத்தச் சொல்ல வீட்டாருக்குக் காரணம் இருக்காது. பன்னிரண்டு முடித்து மில் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிற பெண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவிப் பயிற்சியாளராக வையுங்கள். பதினெட்டு முடிந்ததும் பயிற்சியாளர்களுக்கான டி லைசென்ஸ் பயிற்சிக்குக் கிளப் செலவில் அனுப்புங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, வராத பெயர்களுக்கு நேராக ஒரு புள்ளி வைத்து, அன்று மாலையே அந்த வீடுகளுக்குப் போங்கள். இருட்டுவதற்குள்.