போதை மீட்புச் சிகிச்சை அரசு வேலைக்குத் தடையாகுமா?

"மகன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். இப்போது சிகிச்சைக்குச் சேர்த்தால் பெயர் பதிவாகிவிடுமே, தேர்வு முடியட்டும்." சேலம், நாமக்கல் பகுதிப் பெற்றோர் பலரிடம் நாங்கள் கேட்கும் சொற்கள் இவை. கஞ்சா பழகிய மகனையும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் மகனையும் மாதக்கணக்கில் வீட்டிலேயே மறைத்து வைப்பதற்கு இந்த அச்சம் காரணமாகிறது. ஆகவே, பணி நியமனத்திற்கு முந்தைய சரிபார்ப்பில் எது பார்க்கப்படுகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

படிவம் கேட்பது என்ன?

மத்திய அரசுப் பணிக்கான சான்றுறுதிப் படிவம், விண்ணப்பதாரர் கைது செய்யப்பட்டாரா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதமோ தண்டனையோ பெற்றாரா என்று கேட்கிறது. காவல் துறையினரும் வழக்கு விவரங்களையே முதன்மையாகச் சரிபார்க்கின்றனர். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றது குற்ற வழக்கு ஆகாது.

போதைப் பழக்கத்தால் ஏற்படும் மனநலக் கோளாறுகளும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அடங்கும். அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பதை அவரது உரிமையாக்குகிறது. நீதிமன்ற ஆணை, பிறர் உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

வழக்கு ஏற்பட்டுவிட்டால்?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். கஞ்சாவுக்கு 6 மாதம் வரையிலும், ஹெராயினுக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. ஆனால் 64ஏ பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்கான வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். பாதியில் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மறைப்பதன் விலை

வழக்கு இருந்து, அதைப் படிவத்தில் மறைத்தால் நியமனம் இரத்தாகலாம். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இளமையில் நேர்ந்த சிறு குற்றத்தைப் பணியளிப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. ஆயினும் உண்மையைச் சொன்னவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறவில்லை. அவரது முன் நடத்தையைப் பரிசீலிக்கும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு. தமிழ்நாடு காவல் பணி விதிகளோ, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன. எனவே வழக்கு வருமுன் சிகிச்சைக்கு வருவதே சிறந்தது.

உடல் தகுதித் தேர்வில் மருத்துவர் முந்தைய நோய்களைப் பற்றிக் கேட்டால், உண்மையைக் கூறுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை காட்டுவது அண்மைக் காலப் பயன்பாட்டை. பழைய சிகிச்சையை அன்று. நாள்தோறும் கஞ்சா புகைத்தவருக்கு, நிறுத்திய பின்னும் சில வாரங்கள் அது தென்படலாம்.

அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதி வழங்குவதற்கான 2017ஆம் ஆண்டின் நெறிமுறைகள், சிகிச்சையை முடித்து மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பாதிருப்பதை விண்ணப்பதாரருக்குச் சாதகமான அம்சமாகவே எடுத்துக்கொள்கின்றன.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சி ஆகியவை தொற்றக்கூடும்.
• உரிமம் பெற்ற மையத்தையே நாடுங்கள். அனுமதி, விடுவிப்புச் சீட்டுகளையும் தொடர் சிகிச்சைக் குறிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள்.
• வழக்கு இருந்தால், படிவத்தை நிரப்புமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசதியற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.
• போதை மீட்பு ஆலோசனைக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.