கொய்த பின்னும் மூச்சுவிடும் கனிகள்

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. அம்மரத்தினின்று கொய்யப்பட்ட கனியும் உடனே உயிரற்ற பொருளாகி விடுவதில்லை. அது உயிர்வளியை ஏற்றுக் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிட்டுக் கொண்டேயிருக்கிறது. வேரின் ஊட்டம் அற்றுப்போனமையால், தன்னுள் சேமித்த மாவுப்பொருளையும் சர்க்கரையையும் செலவிட்டே அது வாழ்கின்றது. இச்செலவைக் குறைப்பதே கனி காக்கும் கலையாகும்.

இதனைப் பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் சிற்றூர்களில் வைத்து நோக்குவோம். அங்குப் பனிக்கட்டி யாவருக்கும் பழகிய பொருள். உயிர் நீங்கிய மீன், குளிர் மிகுந்தோறும் கெடாதிருக்கும். ஆனால் வாழைப்பழத்தை அவ்வாறு பனிக்கட்டியில் இட்டால் தோல் கருகிப் போகும். காயாயின் செம்மையாகப் பழுக்காது. வெப்பநாட்டுக் கனியாகிய வாழை, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரைத் தாங்காது. மாங்காயும் ஏறக்குறைய அத்தன்மையதே. ஆப்பிளோ உறைநிலையை ஒட்டிய குளிரிலும் நலமாயிருக்கும். ஆகவே எல்லாவற்றிற்கும் ஒரே விதி பொருந்தாது.

கனிகள் இரு வகையின. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா ஆகியவை முற்றிய நிலையில் பறிக்கப்பட்ட பின்னரும் பழுப்பவை. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை ஆகியவை பறித்த பின் இனிப்புக் கூடாதவை. அவற்றை நன்கு கனிந்த பின்னரே பறித்தல் வேண்டும். முதல் வகையைப் பழுக்கச் செய்வது, அக்கனிகளே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு. கூடையில் ஒன்று கனிந்தால் மற்றவையும் விரைந்து கனிவது இதனாலேயே.

இவ்வியற்கையை விரைவுபடுத்தக் கால்சியம் கார்பைடு கல்லை வைப்போர் உளர். அதனின்று எழும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகளும் கலந்து வரக்கூடும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இம்முறையைத் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவைப் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016இல் ஒப்புதல் தரப்பட்டது.

இல்லத்தார் கைக்கொள்ளத் தக்கவை சில: முற்றிய காயை வாங்கி வைக்கோலில் பரப்பிப் பழுக்க வையுங்கள். விரைவு வேண்டின், ஒரு கனிந்த வாழைப்பழத்தை உடன் வைத்துக் காகிதத்தால் மூடுங்கள். கனிந்தவற்றைக் காயினின்று பிரித்து வையுங்கள். அடிபட்டதையும் அழுகியதையும் உடனே அகற்றுங்கள். உண்ணும் போதன்றி முன்னரே கழுவாதீர்கள். ஈரத்தில் பூஞ்சை பெருகும். நெகிழிப் பையில் இறுகக் கட்டுவதை விட, பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடை மேலானது. காற்று உலவும், வெப்பம் தேங்காது.

உழவன் ஓராண்டு காத்து விளைவித்த கனி, நம் கவனக்குறைவால் ஓரிரவில் குப்பைக்குச் செல்லலாகாது.