பொடியில் ஒளிந்திருக்கும் கிருமி: சால்மொனெல்லாவுக்கு எந்தச் சோதனை?

2022ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்ததும், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளில் ஷிகெல்லா என்னும் கிருமி காணப்பட்டது. உணவு மாதிரிகளைச் சோதித்தபோது, ஷவர்மாவில் ஷிகெல்லாவும் சால்மொனெல்லாவும் இருந்தன. மிளகுப் பொடியிலும் சால்மொனெல்லா இருந்தது. கோழியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். என் மனதில் நின்றது அந்த மிளகுப் பொடிதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நம்மவர் வீடுகளில் சாம்பார்ப் பொடி, மிளகுப் பொடி அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

"வறுத்து அரைச்ச பொடியில கிருமி எப்படி சார் உயிரோட இருக்கும்?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மொட்டை மாடியில் காயும் மிளகின் மேல் பறவையும் பல்லியும் எச்சமிடுகின்றன. அதிலுள்ள சால்மொனெல்லா ஈரமில்லாத இடத்தில் பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கொதிக்கும் குழம்பில் எளிதில் மடியும் அதே கிருமி, உலர்ந்த நிலையில் சூட்டை அதிகம் தாங்கும். நன்றாக வறுத்தாலும், அதே முறத்தில் கொட்டி ஆற வைத்தால் பயனில்லை.

உலர்ந்த பொடியில் இருக்கும் கிருமி அரை உயிராகக் கிடக்கும். ஆகவே லேபில் முதல் வேலை அதற்குக் கஞ்சி ஊட்டுவது. ஐ.எஸ்.ஓ. 6579 என்னும் உலக அளவிலான முறைப்படி, 25 கிராம் பொடியை 225 மில்லிலிட்டர் பெப்டோன் கரைசலில் போட்டு ஏறத்தாழ 18 மணி நேரம் வெதுவெதுப்பாக வைக்கிறார்கள். தேறிய கிருமியை, மற்றவற்றை அடக்கிச் சால்மொனெல்லாவை வளரவிடும் இரண்டு கரைசல்களில் ஒரு நாள் வளர்க்கிறார்கள். பிறகு எக்ஸ்.எல்.டி. அகார் தட்டில் தீற்றினால், சிவந்த புள்ளியும் நடுவே கறுப்புமாகத் தெரியும். அதையும் உறுதி செய்ய மேலும் சோதனைகள். இல்லை என்று சொல்லவே மூன்று நான்கு நாள். உண்டு என்று உறுதி செய்ய ஒரு வாரம்கூட ஆகலாம்.

பி.சி.ஆர். முறை கிருமியின் மரபணுவைத் தேடுவது. ஓரிரு நாளில் விடை கிடைக்கும். நாளைக்குள் விற்றாக வேண்டிய பனீருக்கு இது பெரிய உதவி. ஆனால் இதற்கும் முதலில் கஞ்சி ஊட்டியாக வேண்டும். செத்த கிருமியின் மரபணுவும் அகப்படலாம். மசாலாவில் உள்ள சில பொருள்கள் வினையைத் தடுத்து, இருப்பதை இல்லையென்று காட்டவும் கூடும். எனவே 'உண்டு' என்று வந்தால் வளர்ப்பு முறையில் உறுதி செய்வதே வழக்கம். ஆறு மாதம் கெடாத மிளகுப் பொடிக்கு இந்த அவசரம் எதற்கு? என்னைக் கேட்டால், வளர்ப்பு முறையே போதும்.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று. கிராம்பும் பட்டையும் தாமே கிருமியைத் தடுப்பவை. சாதாரண அளவில் கரைத்தால், கரைசலிலும் கிருமியை வளரவிடாமல் அமுக்கிவிடும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கையேடு பட்டையை நூறு மடங்கும் கிராம்பை ஆயிரம் மடங்கும் கரைக்கச் சொல்வது இதனால்தான். வெங்காயப் பொடிக்கும் பூண்டுப் பொடிக்கும் கரைசலில் பொட்டாசியம் சல்பைட்டு சேர்க்கிறார்கள். ஆகவே கரம் மசாலா கொடுப்பவர்கள் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று லேபில் எழுதிக் கொடுக்க வேண்டும். வெறுமனே 'மசாலாப் பொடி' என்றால் போதாது.

அடுத்தது அளவு. நூறு கிராமுக்கு ஒரு கிருமி வீதம் சீராகக் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 கிராம் மட்டும் சோதித்தால், நூறு தடவையில் சுமார் 22 தடவைதான் அகப்படும். ஐந்து இடங்களில் எடுத்து மொத்தம் 125 கிராம் சோதித்தால், 71 தடவை அகப்படும். விலையுயர்ந்த கருவியும் கரண்டியில் வராத கிருமியைக் காணாது. சாக்கின் மேல்வாயிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செறுவத்தூருக்கே வருகிறேன். சால்மொனெல்லாச் சோதனை ஷிகெல்லாவைத் தேடுவதற்கு அமைந்ததல்ல. அதற்குத் தனிக் கரைசலும் தனி முறையும் உண்டு. ஷிகெல்லா பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தும் அசுத்த நீரிலிருந்தும் வருவது. சமைத்த உணவு விற்போர் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காத கிருமி ரிப்போர்ட்டில் வராது.

லேபுக்கு என்.ஏ.பி.எல். சான்று இருக்கிறதா என்பதோடு, அந்தச் சான்றில் மசாலாவும் சால்மொனெல்லாவும் இந்த முறையும் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்திய விதிப்படி மசாலாப் பொடியில் 25 கிராமுக்குச் சால்மொனெல்லா அறவே இருக்கக் கூடாது. எனவே ரிப்போர்ட்டில் '25 கிராமில் இல்லை' அல்லது 'உண்டு' என்றுதான் இருக்க வேண்டும். 'பத்துக்கும் குறைவு' என்று ஓர் எண் போட்டு வந்தால் பணம் கட்டும் முன் விளக்கம் கேளுங்கள்.